கழுவாத துணி

ஒக்டோபர் முப்பத்தொன்று.
உப்புவெளியில் சீசன் முடிந்து
வெள்ளைக்காரர் பதினொரு பேர் மிச்சம்.
ஹலோவீன் செய்வம், என்றார் மனேஜர்,
படம் எடுத்துப் போட்டால்
வாற வருசத்துக்கு ஆள் வரும்.

அறை துடைக்கிற எனக்குப்
பேய் வேலை கிடைத்தது.
பார்மசியில் வாங்கிய கோஸ் துணியைத்
தலையிலிருந்து கெண்டைக்கால் வரை சுற்றி
ஊசி குத்தி விட்டான் பார்மன் டிலுக்சன்.
"அக்கா, மூச்சு விட ஏலுமா?"
ஏலும் என்றேன்.
ஓட ஏலுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பூசணிக்காய்க்குப் பல் வெட்டி
வயிற்றுக்குள் மெழுகுதிரி வைத்திருந்தார்கள்.
வாடை அன்றைக்குத்தான் திரும்பியது.
சுடர் ஒரு நாக்கு நீட்டியது, அவ்வளவுதான்.
நான் கத்தினேன்.
அவர்கள் கைதட்டினார்கள்.
ஒருவர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்.
ஈரத் துவாயோடு டிலுக்சன் பாய்ந்து வரும்வரை
நான் நிகழ்ச்சியின் ஒரு பகுதி.

பெரியாஸ்பத்திரி. இடக்கை, தோள்,
கழுத்தில் ஒரு கரை.
மறுபடியும் அதே துணியைச் சுற்றினார்கள்,
இந்த முறை மருந்தோடு.
ஆத்துமாக்கள் நாளுக்கு
அம்மாவின் குழியில் திரி கொளுத்த
அந்த வருசம் ஆளில்லை.

மனேஜர் அப்பிளும் ஒரு கவரும் கொண்டுவந்தார்.
கவருக்குள் நாற்பதாயிரம்.
கவருக்குக் கீழே ஒரு கடதாசி,
கையெழுத்து வைக்கிற இடத்தில்
பென்சிலால் சின்னப் புள்ளடி.
"சும்மா ஒரு சம்பிரதாயம், ஜெனிற்றா."
வலக்கை நல்லாய்த்தான் இருந்தது.
நோகுது என்றேன்.

அப்புக்காத்துமாரை நான் நம்புவதில்லை.
அண்ணனின் மோட்டச்சைக்கிள் வழக்கில்
ஒருவர் ஒன்பது தவணை எடுத்தார்,
தவணைக்கு மூவாயிரம்.
பத்தாம் தவணைக்கு அண்ணன் இல்லை,
நொண்டிக் காலோடு கட்டாருக்குப் போய்விட்டான்.

எண்டாலும் போனேன்.
நீதிமன்ற வளவுக்கு வெளியே
யாரோ எறிந்த வழக்குத்தாளை
ஒரு மான் மென்றுகொண்டு நின்றது.
சட்டத்தரணி றிஸ்வியாவின் மேசையில்
கோப்புகள் பறக்காமல் ஒரு சங்கு.
"வெல்லுவமா மிஸ்?"
"தெரியாது" என்றா.
"எவ்வளவு எடுப்பீங்க?"
சொன்னா. எழுதியும் தந்தா.
நான் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை
அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.
பிறகு கேட்டா: "அந்தத் துணி எங்க?"

வீட்டில், ஷொப்பிங் பையில்.
எறிய ஏன் மனம் வரவில்லையோ.
"கழுவாதீங்க. ஒருத்தருக்கும் குடுக்காதீங்க.
எனக்கும் இப்ப வேணாம்.
பையைக் கட்டித் திகதி எழுதி வைச்சிருங்க."

வெல்லுவம் என்றிருந்தால்
எழும்பிப் போயிருப்பேன்.

ஒரு வருசம். மூன்று தவணை.
துணி அலுமாரிக்கு மேல், புகை மணத்தோடு.
சாட்சிக்கு வாறன் என்றான் டிலுக்சன்,
பிறகு ஃபோன் எடுக்கவில்லை,
பிறகு ஒரு நடுச்சாமம் அவனே எடுத்தான்:
"வாறன் அக்கா."

போன கிழமை பக்கத்து வீட்டு ஷாமினி,
ஐந்து வயது, இங்கிலிஸ் நேர்சரி,
சூனியக்காரி உடுப்பைக் காட்ட வந்தாள்.
நைலோன். நிலத்தில் இழுபடுகிற கரை.
ஓரத்தில் ஒரு நூலை வெட்டி
முற்றத்தில் நெருப்புக்குச்சி தட்டினேன்.
நூல் உருகிக் கறுப்புத் துளியாய்
என் பெருவிரலருகே விழுந்தது.
தாய் ஒன்றும் பேசாமல்
கத்தரிக்கோல் எடுத்து வந்தா.
கரையை முழங்காலுக்கு மடித்துத் தைத்தோம்,
முகமூடியின் கண்ணைப் பெரிதாக வெட்டினோம்,
பூசணிக்குள் பற்றரி லைற்.
"ஆன்ரி, உங்களுக்குப் பேய்க்குப் பயமா?"
மெழுகுதிரிக்கு, என்றேன்.

இன்றைக்கு ஆத்துமாக்கள் நாள்.
சேமக்காலையில் தூறல்.
வலக்கையை நீட்டி, உடம்பைத் தள்ளி வைத்து
அம்மாவுக்கு ஒன்று கொளுத்தினேன்.
காற்று மூன்று தரம் அணைத்தது.
நாலாம் தரம் பிடித்த நேரம்
ஃபோனில் மிஸ்ஸின் மெசேஜ்:
ஜனவரி இருபத்திரண்டு.
இந்தமுறை பையைக் கொண்டுவாங்க.